அம்மா தினமும் 15 ஆப்ரிகாட் பருப்பு சாப்பிடுகிறார், தொடரலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. சேலத்தில் எங்களுடன் இருக்கிறார். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து ஒரு வருடம் ஆகிறது. இப்போது தினமும் ஒரு ஹார்மோன் மாத்திரை மட்டும்தான். நான்கு மாதங்களுக்கு முன் உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் வீடியோ ஒன்றை அனுப்பினார். ஆப்ரிகாட் பழத்தின் கொட்டைக்குள் இருக்கும் கசப்புப் பருப்பில் வைட்டமின் பி17 இருக்கிறது, புற்றுநோய் திரும்பி வராமல் அது தடுக்கும் என்று அதில் சொன்னார்கள். நான்தான் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தேன். இரண்டில் ஆரம்பித்து, இப்போது காலையில் 8, மாலையில் 7 என்று மென்று சாப்பிடுகிறார். கூடவே 1000 மி.கி. வைட்டமின் சி மாத்திரையும் உண்டு. இரண்டு வாரமாக, சாப்பிட்ட அரை மணி நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். கழிவு வெளியேறும் அறிகுறி இது, பயப்பட வேண்டாம் என்கிறது வீடியோ. டாக்டரிடம் சொல்லவில்லை, திட்டுவாரோ என்று பயம். வறுத்துக் கொடுத்தால் சரியாகிவிடுமா? இனிப்பு ரகம் வாங்கலாமா? என் ஆறு வயது மகன் வேறு, ‘பாட்டி, எனக்கும் பாதாம்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

- ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதையெல்லாம் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் எழுந்துபோய் அந்தப் பாக்கெட்டை எடுத்து, உங்கள் மகனின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். இன்று மாலைக்கான ஏழு பருப்பை அம்மா சாப்பிட வேண்டாம். நாளைக் காலையிலும் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாமா என்று யோசிக்காதீர்கள். ஒரே நாளில் நிறுத்துவதால் எந்தக் கெடுதலும் வராது.

நீங்கள் எழுதியிருக்கும் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் மூன்றும் கழிவு வெளியேறும் அறிகுறி அல்ல. சயனைடு உள்ளே போகும் அறிகுறி. லேசான சயனைடு நச்சில் தோன்றுபவை இவைதான். அந்த வீடியோவில் எனக்கு மிகுந்த கோபத்தைத் தருவது ‘பி17’ என்ற பொய்கூட அல்ல. இந்த ஒரு வாக்கியம்தான். உடம்பு தன்னால் முடிந்த வரை சத்தம் போட்டு எச்சரிக்கிறது. அந்தச் சத்தத்தையே நல்ல சகுனம் என்று சொல்லிக்கொடுத்து, மணியின் நாக்கைக் கழற்றிவிடுகிறார்கள்.

அம்மாவுக்கு மூச்சு வாங்குதல், நெஞ்சுப் படபடப்பு, தொடர் வாந்தி, பேச்சில் குழப்பம், வலிப்பு, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் உடனே 108ஐ அழையுங்கள். நீங்களாக வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். பாக்கெட்டைக் கையோடு கொண்டுபோய், அவசரப் பிரிவில் முதலில் பார்க்கும் மருத்துவரிடம், ‘கசப்பு ஆப்ரிகாட் பருப்பு சாப்பிட்டிருக்கிறார், சயனைடு நச்சாக இருக்கலாம்’ என்று அப்படியே சொல்லுங்கள். அந்தச் சொல் அவர்கள் காதில் விழாவிட்டால் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தேடிக்கொண்டு நேரம் போய்விடும். ஹைட்ராக்சோகோபாலமின், சோடியம் தயோசல்ஃபேட் என்று இந்த நச்சை முறிக்கும் மருந்துகள் உண்டு. ஆனால் சந்தேகம் வந்தால்தானே அவற்றை எடுப்பார்கள். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் அதன் எண்ணை வைத்து ஆறுதல் அடைய வேண்டாம். சயனைடு நச்சில் அது இயல்பான அளவையே காட்டக்கூடும். ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும். உடம்பால் அதைப் பயன்படுத்த முடியாது.

தொல்லைகள் தானாகவே அடங்கிவிட்டாலும், இந்த வாரத்துக்குள் அம்மாவுக்குச் சிகிச்சை தந்த புற்றுநோய் மருத்துவரிடம் போங்கள். திட்டுவார் என்று பயப்படுகிறீர்கள். ஒருவேளை திட்டலாம்தான். அந்தத் திட்டை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், அம்மாவுக்குப் பரிசோதனை நடக்கட்டும். ‘நான்கு மாதமாகச் சாப்பிடுகிறார், கடைசியாக ஒரு நாளைக்கு 15 பருப்பு, கூடவே 1000 மி.கி. வைட்டமின் சி’ என்று ஒரு தாளில் எழுதி நீட்டிவிடுங்கள். வாயால் சொல்லத் தயங்குபவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் வழி இது. வைட்டமின் சி மாத்திரையையும் அவர் சொல்லும் வரை நிறுத்தி வையுங்கள். இந்தப் பருப்பிலிருந்து சயனைடு பிரிவதை அது அதிகமாக்கக்கூடும். சயனைடை முறிக்க உடம்பு வைத்திருக்கும் சரக்கையும் குறைக்கக்கூடும்.

இனி, ஏன் இப்படி என்பதைச் சொல்கிறேன். அம்மாவுக்கு நீங்கள் விளக்கியாக வேண்டும். ‘வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் அவர் ஒளித்து வைத்துச் சாப்பிடுவார்; அப்படிப் பலரைப் பார்த்திருக்கிறேன்.

பாதாம் சாப்பிடும்போது என்றைக்காவது ஒரு பருப்பு மட்டும் கடுங்கசப்பாக வாய்த்திருக்கும். முகத்தைச் சுளித்து, ஓடிப்போய்த் துப்பி, வாயைக் கொப்பளித்திருப்பீர்கள். அந்தக் கசப்புக்குக் காரணம் அமிக்டலின் என்ற பொருள். கசப்புப் பாதாமிலிருந்து 1830லேயே அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். ஆப்ரிகாட், பீச், பிளம், செர்ரி ஆகியவற்றின் கொட்டைக்குள்ளும் ஆப்பிள் விதைக்குள்ளும் இருப்பது இதுவே. காய்ந்த பருப்பு அப்படியே கிடக்கும்போது அதில் சயனைடாக எதுவும் வெளியே வராது. அமிக்டலின் ஓர் அறையில், அதை உடைக்கும் நொதி இன்னோர் அறையில் என்று மரம் பிரித்து வைத்திருக்கிறது. பல்லுக்கு நடுவே வைத்துக் கடித்ததும் சுவர் இடிகிறது. எச்சில் ஈரம் சேர்கிறது. இரண்டும் கலந்து மூன்று பொருள்கள் பிறக்கின்றன. ஒன்று குளுக்கோஸ். இன்னொன்று, பாதாம் எசன்ஸ் பாட்டிலைத் திறந்தால் வருமே, அந்த மணம். மூன்றாவது ஹைட்ரஜன் சயனைடு. ஒரு கிராம் அமிக்டலின் முழுவதும் உடைந்தால் ஏறக்குறைய 59 மி.கி. சயனைடு கிடைக்கும். மெல்லாமல் விழுங்கினாலும் முழுதாகத் தப்பிக்க முடியாது. குடலில் வாழும் பாக்டீரியாக்களிடமும் அதே வகை நொதி இருக்கிறது.

மரத்தின் பக்கம் நின்று பார்த்தால் இதில் ஒரு நியாயம் உண்டு. சதையை இனிப்பாக்கி, ‘தின்றுவிட்டுக் கொட்டையை எங்கேயாவது கொண்டுபோய்ப் போடு’ என்கிறது. விதையைக் கசப்பாக்கி, ‘இதை மட்டும் கடிக்காதே, இது என் பிள்ளை’ என்கிறது. தன் பிள்ளையைக் காக்க மரம் வைத்த காவலைத்தான் நாம் காலையில் எண்ணி எடுத்து மென்றுகொண்டிருக்கிறோம்.

சயனைடு உடம்பின் செல்களுக்குள் போய், ஆக்சிஜனைக் கொண்டு சக்தி உண்டாக்கும் வேலையின் கடைசிக் கட்டத்தை அடைத்துவிடுகிறது. சிலிண்டர் நிறைய எரிவாயு இருந்தும் பர்னர் துளை அடைந்துவிட்டால் சோறு வேகாது அல்லவா, அப்படி. மூளையும் இதயமும்தான் முதலில் பட்டினி கிடக்கும். தலைவலியும் தலைசுற்றலும் அங்கிருந்துதான் வருகின்றன.

உடம்பு இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை என்பதும் உண்மை. கல்லீரலில் உள்ள ரோடனீஸ் என்ற நொதி சயனைடோடு கந்தகத்தைச் சேர்த்து, தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். சிறிய அளவை அன்றாடம் அப்படித்தான் சமாளிக்கிறோம். ஆனால் அந்தக் கந்தகம் புரத உணவிலிருந்து வர வேண்டும். கீமோ முடிந்து, வாய்க்கு ருசி திரும்பாமல், சரியாகச் சாப்பிடாத ஒருவரின் கையிருப்பு குறைவாகத்தான் இருக்கும். வீடியோவில் பேசுபவரின் உடம்புக்கும் உங்கள் அம்மாவின் உடம்புக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அளவைப் பார்ப்போம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் இதை ஆராய்ந்தது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் சயனைடு என்பதை ஒரு வேளைக்கான பாதுகாப்பு எல்லையாக வைத்துக் கணக்கிட்டது. பெரியவர் ஒருவர் ஒரே வேளையில் மூன்று சிறிய பருப்புக்கு மேல் சாப்பிட்டாலே எல்லை தாண்டிவிடலாம். பருப்பு பெரியதாக இருந்தால் பாதிகூட அதிகம். கைக்குழந்தைப் பருவம் தாண்டிய சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு ஒரே ஒரு சிறிய பருப்பே எல்லை மீறலாம். இதை விற்பவர்களோ சாதாரண மக்களுக்கு நாளுக்கு 10, புற்றுநோயாளிகளுக்கு 60 என்று பரிந்துரைப்பதையும் அந்த ஆணையமே குறிப்பிட்டது. உங்கள் அம்மா காலையில் ஒரே வேளையில் எட்டு சாப்பிடுகிறார். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பச்சை ஆப்ரிகாட் பருப்பின் சில்லறை விற்பனையை 2015இல் தடை செய்துவிட்டன.

உங்கள் மகனைப் பற்றி எழுதியிருந்த கடைசி வரியைப் படித்தபோது கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். பார்வைக்கு அது பாதாமேதான். கொஞ்சம் சிறியது, கொஞ்சம் தட்டை. 1977இல் அமெரிக்காவில், தந்தைக்காக வாங்கி வைத்திருந்த அமிக்டலின் வகை மாத்திரைகளை எடுத்து விழுங்கிய 11 மாதக் குழந்தை இறந்துபோனது. பூட்டி வைப்பதைவிட நல்லது, மருத்துவரிடம் காட்டிய பிறகு மீதியை அப்புறப்படுத்திவிடுவது. அரைக்க வேண்டாம், இடிக்க வேண்டாம். தாளில் இறுக்கிச் சுற்றிக் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். ஆடு, மாடு, நாய் கிளறும் இடத்தில் கொட்டிவிடாதீர்கள்.

‘இயற்கையான பொருள், அது எப்படிக் கெடுதல் செய்யும்?’ என்று அம்மா கேட்பார். சேலத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்விக்குப் பதில் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. மரவள்ளிக்கிழங்கை அம்மா எப்படிச் சமைப்பார் என்று கேட்டுப் பாருங்கள். தடித்த தோலைச் சீவுவார், துண்டு போடுவார், நிறையத் தண்ணீர் விட்டு மூடாமல் வேக வைப்பார், அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுவார். யாராவது பச்சைக் கிழங்கைக் கடித்தால் அதட்டுவார். அந்தக் கிழங்கில் இருக்கும் லினமாரின் என்ற பொருள், அமிக்டலினுக்குப் பங்காளி. அதிலிருந்தும் பிரிவது சயனைடுதான். 26 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும் பொருள் என்பதால் திறந்த பானையில் வெளியேறிவிடுகிறது. ஊரைச் சுற்றியிருக்கும் ஜவ்வரிசி ஆலைகளில் கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, மாவைத் தண்ணீரில் தெளியவிட்டு, வறுத்து, காய வைக்கும் வழியிலேயே அது கழிந்துவிடுகிறது. ஆப்பிரிக்காவில் வறட்சிக் காலங்களில் கசப்பு மரவள்ளியைச் சரியாகப் பதப்படுத்தாமல் வாரக்கணக்கில் உண்டவர்களுக்கு, ஒரே நாளில் இரண்டு கால்களும் விறைத்துப்போகும் நோய் வந்திருக்கிறது. அதன் பெயர் கொன்சோ. காங்கோ பகுதி மொழியொன்றில் அதற்குக் ‘கட்டப்பட்ட கால்கள்’ என்று பொருள்.

கிராமத்தில் மாடு வளர்த்தவர் யாரையாவது கேளுங்கள். முழங்கால் உயரம்கூட வராத இளஞ்சோளப் பயிரில், அதுவும் மழையில்லாமல் வாடி நிற்கும் பயிரில், மாட்டை மேயவிட மாட்டார்கள். விட்டால் வயிறு உப்பி, துடித்து விழும். அதுவும் இதே சயனைடு. நம் ஊர்ப் பெண்களும் உழவர்களும் வேதியியல் படிக்காமலே இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். கிழங்குத் தண்ணீரைக் கொட்டிய கைதான் இன்று பருப்பை எண்ணி வாயில் போடுகிறது. ஏனென்றால் கிழங்கைப் பற்றித் தாய் சொல்லிக்கொடுத்தார். இந்தப் பருப்பு நம் ஊருக்குப் புதியது, சொல்லிக்கொடுக்க யாருமில்லை.

இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். பல வருடங்களுக்கு முன், நான் உணவு ஆலோசகராக வேலை பார்த்த புற்றுநோய்ப் பிரிவில் ஓர் அம்மா இருந்தார். புடவைத் தலைப்பில் சிறிய முடிச்சு ஒன்று போட்டு வைத்திருப்பார். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை எடுக்கப் போனபோது அதை அவிழ்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பத்துப் பருப்பு. அத்தனையும் ஒரே அளவாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தார். ‘வேப்பங்கொழுந்தைப் போலக் கசக்கிறது. கசந்ததால்தான் நம்பினேன்’ என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. கசப்பு என்றால் மருந்து என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்? வேப்பம்பூ ரசம், பாகற்காய், சுண்டைக்காய் வற்றல், நிலவேம்புக் குடிநீர். முகம் சுளிக்காமல் விழுங்கினால் நல்ல பிள்ளை.

ஆனால் அதே சமையலறையில் வேறொரு பாடமும் இருந்தது. பீர்க்கங்காயையும் சுரைக்காயையும் வெள்ளரிக்காயையும் நறுக்கும் முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். கசந்தால் முழுக் காயும் குப்பைக்கு. காசு போகிறதே என்று யாரும் வருந்துவதில்லை. கசந்த சுரைக்காய்ச் சாற்றை ‘உடம்புக்கு நல்லது’ என்று குடித்து நம் நாட்டில் உயிர்கள் போயிருக்கின்றன. கசந்தால் துப்பிவிடுங்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த குழு சொன்னது. பாகற்காயின் கசப்பைப் பல தலைமுறையாக உண்டு அளவும் பக்குவமும் கண்டவர்கள் நாம். கசந்த பாதாமை நாக்கு தானாகத் துப்புகிறது. அம்மாவிடம் இப்படிக் கேளுங்கள்: ‘பாதாம் கசந்தால் துப்புவீர்களா, விழுங்குவீர்களா?’ பாக்கெட்டில் இருப்பது முழுக்க அந்தக் கசந்த பாதாம்தான்.

இப்போது பி17. அப்படி ஒரு வைட்டமின் இல்லை. ஒரு பொருளை வைட்டமின் என்று சொல்ல, அது இல்லாவிட்டால் உடம்புக்கு ஒரு குறைபாட்டு நோய் வர வேண்டும். வைட்டமின் சி இல்லாவிட்டால் ஈறில் ரத்தம் கசியும். பி1 இல்லாவிட்டால் பெரிபெரி. அமிக்டலின் சாப்பிடாததால் உலகில் யாருக்கும் எந்த நோயும் வந்ததில்லை. அமெரிக்காவில் எர்னஸ்ட் கிரெப்ஸ் என்ற தந்தையும் அதே பெயருள்ள மகனும் 1950களில் அமிக்டலினைச் சற்று மாற்றி ‘லேட்ரில்’ என்ற பெயரில் பரப்பினார்கள். மகன் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். மருந்து என்றால் நிரூபிக்க வேண்டும். வைட்டமின் என்றால் அந்தத் தொல்லை இல்லை. பி17 என்ற பெயரைச் சூட்டியவர் அவர்தான்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு மனத்தை உறுத்துவது. 1978க்குள் அமெரிக்காவில் 70,000க்கும் மேற்பட்டவர்கள் இதை எடுத்துக்கொண்டதாகக் கணக்கு. புகழின் உச்சியில் இருந்த நடிகர் ஸ்டீவ் மெக்குயின் 1980இல் இதைத் தேடி மெக்சிகோவுக்குப் போனார். அதே ஆண்டு நவம்பரில் அங்கேயே இறந்தார். மக்கள் கேட்கிறார்கள் என்பதால், சோதிக்காமல் ஒதுக்கிவிட்டார்கள் என்ற பழி வரக் கூடாது என்பதால், மாயோ கிளினிக்கும் வேறு சில புற்றுநோய் மையங்களும் சேர்ந்து 178 நோயாளிகளுக்கு அமிக்டலினைக் கொடுத்துப் பார்த்தன. ஆதரவாளர்கள் சொன்ன அதே உணவு முறை, அதே நொதிகள், அதே வைட்டமின்கள். 1982இல் முடிவு வெளிவந்தது. நோய் குணமாகவில்லை, நிலைப்படவுமில்லை. தொல்லைகள் தணியவில்லை, ஆயுள் நீளவில்லை. ஊசி மருந்து முடிந்த ஏழு மாதங்களில் அனைவருக்கும் நோய் வளர்ந்திருந்தது. சிலரது ரத்தத்தில் சயனைடு உயிருக்கு ஆபத்தான அளவை நெருங்கியிருந்தது. ‘மருந்துக் கம்பெனிகள் மறைக்கின்றன’ என்பவர்கள் இந்த 178 பேரைப் பற்றி வாயே திறப்பதில்லை. உலகில் வெளியான ஆய்வுகளையெல்லாம் 2015இல் மறுபடி அலசிய காக்ரேன் ஆய்வறிக்கையும், புற்றுநோயாளிகளுக்கு இதனால் நன்மை என்று சொல்ல நம்பகமான சான்று இல்லை என்றே முடித்தது.

புற்றுநோய்ச் செல்லில் மட்டும் அந்த நொதி இருக்கிறது, சயனைடு அதை மட்டும் தேடிக் கொல்லும் என்று வீடியோவில் படம் வரைந்து காட்டியிருப்பார்கள். அந்தக் கணக்கு சோதனையில் நிற்கவில்லை. நல்ல செல்லுக்கும் புற்றுச் செல்லுக்கும் அப்படியொரு பிரிவினை கிடையாது. மென்ற பருப்பிலிருந்து சயனைடு வாயிலும் குடலிலும் பிரிந்து ரத்தத்தில் கலந்து, தலை முதல் கால் வரை போகிறது.

‘நான்கு மாதமாகச் சாப்பிட்டும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லையே’ என்று தோன்றலாம். மெல்போர்னில் 67 வயதுக்காரர் ஒருவர், புராஸ்டேட் புற்றுநோய் அடங்கியிருந்த நிலையில், அது திரும்பக் கூடாது என்று ஐந்து வருடமாக இந்தப் பருப்புப் பொடியையும் மாத்திரையையும் எடுத்து வந்தார். வழக்கமான ஒரு சிறு சிகிச்சைக்குப் போன இடத்தில், வேறு ஏதோ சரியில்லை என்று மருத்துவர்கள் சோதித்தபோது, ரத்தத்தில் சயனைடு ஏற்கத்தக்க அளவைப் போல் 25 மடங்கு இருந்தது. 2017இல் மருத்துவ இதழில் இது வெளியானது. உங்கள் அம்மாவைப் போன்ற பயம்தான் அவருக்கும்.

ஹன்சா பள்ளத்தாக்கு பற்றியும் வீடியோவில் வந்திருக்கும், வராமல் இருக்காது. இன்றைய பாகிஸ்தானின் வடகோடியில், காரகோரம் மலைகளுக்கு நடுவே உள்ள ஊர். அங்கே ஆப்ரிகாட்டே உணவு, அதனால் புற்றுநோயே இல்லை, 120 வயது வரை வாழ்கிறார்கள் என்பார்கள். ஆப்ரிகாட் அங்கே நிறைய உண்டு என்பது மட்டும் சரி. அந்தக் கதை கிளம்பிய காலத்தில் ஹன்சாவில் பிறப்புப் பதிவேடே கிடையாது. வயதைச் சொன்னவர்கள் நினைவிலிருந்து சொன்னார்கள். 1950 வாக்கில் அங்கே தங்கி மருந்தகம் நடத்திய அமெரிக்க நிலவியலாளர் ஜான் கிளார்க், நோயில்லாத மக்கள் என்று கேள்விப்பட்டுப் போய், வயிற்றுக்கடுப்பும் குடற்புழுவும் கண்நோயுமாக ஆயிரக்கணக்கானவர்களுக்கு மருந்து கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

வறுத்தால் சரியாகிவிடுமா என்று கேட்டீர்கள். ஆகாது. வறுக்கும்போது பருப்பிலிருக்கும் நொதி செத்துவிடும். ஆனால் அமிக்டலின் பெருமளவு அப்படியே இருக்கும், குடல் பாக்டீரியா அதை உடைத்துக்கொள்ளும். சீனாவில் இருமலுக்குக் கசப்பு ஆப்ரிகாட் பருப்பைச் சேர்க்கும் பழக்கம் உண்டு. அவர்கள் பல தடவை ஊற வைத்து, தண்ணீரை மாற்றி, நன்றாகக் கொதிக்க வைத்து, மிகச் சிறிய அளவில்தான் சேர்க்கிறார்கள். வீட்டில் எவ்வளவு போயிற்று, எவ்வளவு மீதி என்று அளக்க உங்களிடம் வழியில்லை. இன்னொன்றையும் யோசியுங்கள். எல்லாவற்றையும் நீக்கிவிட்டால் அந்த வீடியோ சொல்லும் ‘மருந்தும்’ போய்விடும். மிஞ்சுவது சாதாரணக் கொட்டைப் பருப்பு. அதற்கு நம் வேர்க்கடலை போதும்.

இனிப்பு ரகம் உண்மையிலேயே இருக்கிறது. ஐதராபாத் கல்யாண விருந்தில் குபானி கா மீட்டா சாப்பிட்டிருந்தால், மேலே தூவிய பருப்பு அந்தப் பழத்தின் கொட்டையை உடைத்து எடுத்ததாகவும் இருக்கும். லடாக்கில் வெள்ளைக் கொட்டையுள்ள ரக்ட்சே கார்போ என்ற ரகத்தின் பருப்பு தித்திக்கும்; புவிசார் குறியீடு பெற்றது அது. கசப்புப் பருப்பை அங்கே எண்ணெய்க்கு ஆட்டிவிடுகிறார்கள். சாப்பிடுவதற்கு எது, எண்ணெய்க்கு எது என்று பிரிக்க அவர்களுக்குத் தெரியும். அந்த மரத்தின் அடியில் வளர்ந்தவர்கள். பாக்கெட்டில் வாங்கும் நமக்கு வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது, கலப்பும் இருக்கலாம். உங்கள் வீட்டுக்கு இனிப்பு ரகமும் வேண்டாம் என்பதே என் கருத்து. ஆப்ரிகாட் பழத்தை, உலர்ந்ததோ பச்சையோ, தாராளமாகச் சாப்பிடலாம். நார்ச்சத்தும் பொட்டாசியமும் உள்ள நல்ல பழம். கொட்டையை மட்டும் உடைக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சரி, இந்த இடத்தில் அம்மாவின் கையில் என்ன கொடுப்பது? பருப்பைப் பிடுங்கிக்கொண்டு ‘சும்மா இருங்கள்’ என்றால் அது கொடுமை. சிகிச்சை நடந்தபோது தினமும் யாராவது பார்த்தார்கள், ஊசி போட்டார்கள், தேதி சொன்னார்கள். எல்லாம் முடிந்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு பரிசோதனை, நடுவில் வெறும் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பில் தன் கையால் செய்ய ஏதாவது ஒன்று வேண்டும் என்றுதான் அவர் எட்டும் ஏழுமாக எண்ணுகிறார். அது பேராசையோ மூடத்தனமோ இல்லை. வாங்கிக் கொடுத்த நீங்களும் அதே பயத்தில்தான் வாங்கியிருக்கிறீர்கள். உங்களையே குற்றம் சொல்லிக்கொண்டு இரவில் விழித்திருக்க வேண்டாம்.

எண்ணி எடுத்து உண்ணும் அந்தப் பழக்கம் அப்படியே இருக்கட்டும். காலையில் எட்டு இனிப்புப் பாதாம், இரவே ஊற வைத்துத் தோல் உரித்தது. உரிக்கும் வேலையை அம்மாவே செய்யட்டும், பேரனுக்கும் பங்கு கொடுக்கட்டும். மாலையில் ஒரு கைப்பிடி அவித்த வேர்க்கடலை அல்லது சுண்டல். இவை புற்றுநோயை விரட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எந்தத் தனி உணவும் அதைச் செய்யாது. ஆனால் சிகிச்சையில் கரைந்த தசை திரும்பப் புரதம் வேண்டும். ஒவ்வொரு வேளையும் தட்டில் முட்டையோ மீனோ பருப்போ தயிரோ பனீரோ ஒன்றாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அம்மா எடுக்கும் ஹார்மோன் மாத்திரையில் ஒரு வகை எலும்பை மெலிய வைக்கும். அந்த வகையாக இருந்தால் கால்சியமும் வைட்டமின் டியும் முக்கியம்: கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, மோர், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி. எலும்பு அடர்த்திப் பரிசோதனை எடுத்தாயிற்றா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். அந்த மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது. நோய் திரும்பாமல் காக்கும் வேலையை அம்மாவின் கையில் உண்மையாகச் செய்துகொண்டிருப்பது அந்தச் சிறிய மாத்திரைதான்.

நடையும் வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது பொதுக் கணக்கு. ஆரம்பத்தில் தெருமுனை வரை போய் வந்தாலே போதும். பேரனைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிடும் வேலையை அவரிடம் கொடுத்துப் பாருங்கள்.

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி எழுதுங்கள். மாத்திரையின் பெயர், அம்மாவின் எடை, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், அல்புமின் அளவு, சர்க்கரை நோய் உண்டா இல்லையா, இவற்றைச் சேர்த்து அனுப்பினால் அம்மாவுக்கென்று ஒரு வாரத்துக்கான சாப்பாட்டுப் பட்டியலை எழுதித் தருகிறேன். அவருக்கு எந்தக் கீரை பிடிக்கும் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.